பெத்லகேமில் ஒரு ஜெர்சி மாடு

முதலில் ஒரு விடுகதை. மாடு நிற்கும், ஈ மொய்க்காது. வைக்கோல் இருக்கும், குத்தாது. குழந்தை பிறந்திருக்கும், அழாது. அது என்ன?

கிறிஸ்தவக் கோயில் சுவரில் இருக்கும் கிறிஸ்து பிறப்புப் படம். அதை வரைவது என் தொழில்களில் ஒன்று. மற்றது, சிறுவர் பக்கங்களுக்குக் கதை எழுதிப் படம் போடுவது. பத்திரிகையில் ஓர் ஆசிரியர்தான் திருத்துவார். கோயில் சுவருக்கு ஊரே ஆசிரியர். கல்யாணப் பத்திரிகை அச்சடித்த அனுபவம் உள்ளவர்களுக்கு இந்த வேதனை புரியும். சங்கராபுரம் தாண்டி, கல்வராயன் மலையடிவாரத்தில் ஒரு கோயிலில் போன கிறிஸ்துமஸுக்கு வரைந்தபோது நடந்தவை இவை.

சாணம்

மாட்டுக் கொட்டகை மாட்டுக் கொட்டகை மாதிரி இருக்க வேண்டும் என்பது என் கொள்கை. ஒரு மூலையில் கொஞ்சம் சாணம் வரைந்தேன், அளவாக, நிழலோடு. மறுநாள் கோயில் பெருக்க வந்த பெண்கள் விளக்குமாறோடு சுவர் முன்னால் நின்றுவிட்டார்கள். "கொட்டகை அப்படித்தானே இருக்கும்?" என்றேன். அவர்களில் மூத்தவர் சொன்னார்: "நெறமாசப் பொம்பள வந்து தங்கற எடம். கூட்டித் தள்ளாம இன்னா பண்ணிக்கினு இருந்தாங்களாம் அந்த ஊரு பொம்பளைங்க?"

குல்லா

இடையர்களுக்குத் தோளில் ஒரு துண்டு மட்டும் போட்டிருந்தேன். மலைமேல் ஊரிலிருந்து கடுக்காய் விற்க இறங்கி வந்த ஒருவர், பஸ்ஸுக்கு நேரம் இருந்ததால் உள்ளே வந்து உட்கார்ந்தார். அவரும் ஆடு மேய்ப்பவர்தான்.

"இது இன்னா மாசம் சார்?"

"மார்கழி."

"ராத்திரியா?"

ஆமாம் என்றேன். எழுந்து துண்டை உதறிக்கொண்டார். "அப்ப இந்த ஆளுங்க வெடியறதுக்குள்ள வெறச்சிப் போயிடுவாங்க. ஆளுக்கு ஒரு குல்லாவாச்சும் போட்டு வுடுங்க."

உபயம்

எங்கள் பக்கத்துக் கோயில்களில் டியூப் லைட்டிலிருந்து நாற்காலி வரை எல்லாவற்றிலும் கொடுத்தவர் பெயர் இருக்கும். படத்துக்கும் அதே வழக்கம். நட்சத்திரம் ஒரு குடும்பத்தின் உபயம், ஒட்டகம் இன்னொரு குடும்பத்தின் உபயம். மூன்று ராஜாக்களில் நடு ராஜாவுக்குக் கடும் போட்டி. கோயில் நிர்வாகத்தைக் கவனிக்கும் பங்குப் பேரவையின் தலைவர் பெரிய கரும்புத் தோட்டக்காரர். மாட்டை அவர் எடுத்துக்கொண்டார். பெத்லகேமில் ஜெர்சி இருந்திருக்காது என்று மெதுவாகச் சொல்லிப் பார்த்தேன். "நம்ம வூட்டு ஜெர்சியத்தான் போடணும். காதுல அந்த மஞ்சள் டேக்கும் இருக்கணும். இல்லனா வேற யாரு வூட்டு மாடோன்னு நெனச்சிக்குவாங்க."

கழுதை

மாட்டுக்கு எதிரே கழுதை. கோயில் வளாகத்தில் மேய்ந்துகொண்டிருந்த சவரிநாதனின் கழுதையையே பார்த்து வரைந்தேன். பீடத்தில் விரிக்கும் துணிகளை வெளுப்பது அவர் குடும்பம். மூட்டையை ஏரிக்குச் சுமப்பது அந்தக் கழுதை. கோயிலில் எந்தப் பொருளிலும் அவர் பெயர் கிடையாது. சாயங்காலங்களில் வந்து, கடைசி பெஞ்சுக்குப் பின்னால் நின்று பார்ப்பார். ஒருநாள்தான் வாய் திறந்தார்: "இது எங்க வூட்டுதுங்களா சார்?" ஆமாம் என்றேன். மறுநாள் மனைவியோடு வந்தார். இருவரும் பண்டிகைத் துணி உடுத்தியிருந்தார்கள்.

தலைவருக்குப் பிடிக்கவில்லை. கிறிஸ்து பிறந்த இடத்தில் கழுதை இருந்ததாக பைபிளில் இல்லை, அழித்துவிட்டு இன்னொரு ஜெர்சி போடுங்கள் என்றார். மாடும் பைபிளில் இல்லையே என்றார் பங்குச் சாமியார். "அது வேற ஃபாதர். இது யாரு வூட்டுக் கழுதைன்னு பார்த்த ஒடனே தெரியுது. அதான் பிரச்சனை."

சவரிநாதன் சண்டை போடவில்லை. என்னிடம் மட்டும் சொன்னார்: "எடுக்கறதா இருந்தா முன்னாடியே சொல்லிடுங்க சார். திருநாளுக்கு மாமியார் வூட்டு ஆளுங்களையெல்லாம் பார்க்க வரச் சொல்லிக்கினு இருக்கேன்."

சீட்டு

பேரவை கூடியும் முடிவு வரவில்லை. திருவுளச் சீட்டு போடலாம் என்றார் சாமியார். இரண்டு சீட்டு மடித்து வைத்து, படிக்கத் தெரியாத குழந்தையை ஒன்று எடுக்கச் சொல்வது வழக்கம். தலைவர் தன் பேத்தியையே தூக்கி வந்தார். முடிவு எல்லாருக்கும் புரிய வேண்டும், எழுத்துக்குப் பதில் படம் போடுங்கள் என்று சாமியார் என்னிடம் சொன்னார். ஒன்றில் மாடு, ஒன்றில் கழுதை வரைந்தேன். நியாயமாகவே வரைந்தேன், இரண்டுக்கும் ஒரே அளவு கண், ஒரே அளவு வால். காதை மட்டும் என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை.

சவரிநாதன் வாசற்படியில் நின்றார். குழந்தை ஒன்றை எடுப்பதற்குப் பதிலாக இரண்டையும் பிரித்துவிட்டது. செல்லாது, மறுபடி போடுங்கள் என்றார் ஒருவர். தலைவர் தடுத்தார்: "வுடுங்க, கொழந்ததானே. அம்மு, நம்ம வூட்டு மாடு எங்கடா?"

ஊரே திருத்திய படத்தில் கடைசித் திருத்தம், இன்னும் பள்ளிக்கூடம் போகாத ஓர் ஆசிரியரிடம் வந்து நின்றது. குழந்தை மாட்டைத் தாத்தாவிடம் கொடுத்தது. கழுதையைத் தான் வைத்துக்கொண்டது.