மாந்தோப்பில் இருந்த சமாதி

எங்கள் குடும்பத்தின் முன்னோரைப் பற்றி விவரம் தேடிக்கொண்டிருந்தேன். ஸ்ரீவில்லிபுத்தூர் பதிவாளர் அலுவலகத்தில் வாங்கிய பழைய பத்திர நகலில், செண்பகத்தோப்புப் பக்கம் நாங்கள் எப்போதோ விற்ற மாந்தோப்பில் பூட்டனாரின் சமாதி இருப்பதாகக் கண்டிருந்தது. மறுநாளே ராஜபாளையத்திலிருந்து தனியாகக் கிளம்பினேன்.

தோப்புக்குள் கால் வைத்ததும் இரண்டு நாய்கள் பாய்ந்து வந்து மறித்தன. பின்னாலேயே அரிவாளுடன் ஒரு பெண் ஓடி வந்தார்.

“யாருய்யா நீ? அங்கனயே நில்லு!”

பூட்டனார் பெயரைச் சொல்லி, நகலை நீட்டினேன். அவர் அரிவாளை இன்னும் இறுக்கிப் பிடித்தார். வெட்டிவிடுவார் என்றே நினைத்தேன்.

“நாங்க வெலை குடுத்து வாங்குன எடம். இப்ப வந்து கேட்டா, பிள்ளையளக் கூட்டிக்கிட்டு நான் எங்க போவேன்?”

அவரும் பயந்துபோயிருக்கிறார் என்று அப்போதுதான் புரிந்தது.

“நெலம் கேட்டு வரலக்கா. சமாதியப் பாக்கத்தான் வந்தேன்.”

அவர் அரிவாளைத் தாழ்த்தி, நாய்களை அதட்டிவிட்டு முன்னே நடந்தார். மூலையில் சுண்ணாம்பு அடித்த சமாதி. மேலே வாடாத பூ.

“யாருன்னு தெரியாது. வெள்ளிக்கெழம வெளக்கு வைப்போம்” என்றார்.

கும்பிட்டுவிட்டு, நகலை அவரிடமே கொடுத்தேன். என் பயம் வீடு வருவதற்குள் போய்விட்டது. அவருடைய பயம் போயிருக்குமா என்று இன்றும் நினைத்துக்கொள்கிறேன்.