அளக்காத மண்ணும் ஒரு படகும்

நான் படித்தது இரண்டாம் வகுப்பு. அதுவும் பாதி. ஆனால் உய்யக்கொண்டான் வாய்க்காலில், பாலக்கரையிலிருந்து மேற்கே எந்த இடத்தில் எவ்வளவு சேறு கிடக்கிறது என்று கேள்வி வந்தால், படித்த எஞ்சினியர்களே என் முகத்தைத்தான் பார்ப்பார்கள். கூடை சுமக்க வந்தவன், முப்பது வயதுக்குள் நாற்பது பேருக்கு மேஸ்திரி. யாரும் கைதூக்கி விடவில்லை. இதைச் சொல்லிக்கொள்ள எனக்கு வெட்கமில்லை.

கோடையில் வாய்க்காலை அடைத்துவிடுவார்கள். ஆனியில் தண்ணீர் விடுவதற்குள் தூர் வாரி முடிக்க வேண்டும். வாராவிட்டால் வயலுக்குத் தண்ணீர் எப்படியாவது போய்ச் சேர்ந்துவிடும், படகு போகாது. மேற்கிலிருந்து வாழைத்தார், வைக்கோல், விறகு எல்லாம் அப்போது தட்டைப் படகுகளில் வாய்க்கால் வழியாகவும் ஊருக்குள் வந்தன.

எங்கள் வேலையில் ஒரு வழக்கம் உண்டு. வெட்டிக்கொண்டே போகும்போது, நடுநடுவே ஓர் ஆள் நிற்கும் அகலத்துக்கு மண்ணைத் தொடாமல் விடுவோம். சுற்றிலும் பள்ளம், நடுவில் மண் தூண். அதைச் சாட்சி என்போம். எவ்வளவு ஆழம் வாரினோம் என்று ஓவர்சியர் அதை வைத்துத்தான் அளப்பார். அளந்த பிறகு அதையும் வெட்டி எறிவோம். அதற்கு முன் அதில் மண்வெட்டி பட்டால், நாற்பது குடும்பங்கள் கோடை முழுக்கச் செய்த வேலை செய்யாத வேலையாகிவிடும்.

மேட்டூர் அணை கட்டிச் சில வருஷங்கள் ஆகியிருந்தன. அந்த வருஷம்போல் நான் என்றுமே வாரியதில்லை. ஐந்து சாட்சிகளும் இடுப்புக்கு மேல் நின்றன. அப்போது ஒரு படகுக்காரர் கரையில் வந்து நின்றார். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். இருந்தது ஒரே படகு. பிழைப்பு முழுக்க அதில்தான்.

“என்ன மேஸ்திரி, போன வருஷம் உங்க வாய்க்கால்ல என் படகு எருமை மாதிரி படுத்துக்கிச்சு. இந்த வருஷமாவது எந்திரிச்சு நடக்குமா?”

“நடக்குமாவா? ரெட்டைப் பாரம் ஏத்திக்கிட்டு வாங்கண்ணே. தட்டினா மீசையை எடுத்துடறேன்.”

“நடுவுல அஞ்சு பேரு நிக்கிறாங்களே?” என்று சாட்சிகளைக் காட்டினார்.

“நாளைக்கு ஓவர்சியர் வர்றாரு. வெட்டிட்டதாவே வச்சுக்கங்க.”

சிரித்துக்கொண்டே முத்தரசநல்லூர்ப் பக்கம் வாழைத்தார் ஏற்றப் போனார்.

மறுநாள் ஓவர்சியர் வரவில்லை. ஆபீஸுக்குப் போனேன். அய்யா வேண்டுதலுக்காகச் சமயபுரம் போயிருக்கிறார் என்றார் குமாஸ்தா. அடுத்த நாள், அய்யாவுக்குக் காய்ச்சல் என்றார். மூன்றாம் நாள் கையெடுத்துக் கும்பிட்டேன்.

“தண்ணி வந்துட்டா சாட்சி உள்ள போயிடுமுங்க. நீங்களாவது வந்து அளந்துக்கங்க. வெட்டிடறேன்.”

“நான் எழுதறவன்யா, அளக்கறவன் இல்லே. அய்யா வராம அதுல கை வச்சே, அப்புறம் என்கிட்ட வந்து நிக்காதே.”

“தண்ணி எப்பங்க வருது?”

“உத்தரவு வந்தா வரும்.”

முன்பெல்லாம் காற்றையும் ஆற்றின் நிறத்தையும் பார்த்தே வெள்ளம் வரும் நாளைச் சொல்வேன். தப்பியதே இல்லை. அணை வந்த பிறகு தண்ணீர் காகிதத்தில் வந்தது. அதை வாசிக்க எனக்குத் தெரியாது.

படகுக்காரருக்கு ஆள் அனுப்பிச் சொல்லியிருக்கலாம். இன்னும் ஒரு நாள்தானே என்று இருந்தேன். உண்மையைச் சொன்னால், கொடுத்த வாக்கு பொய்த்தது என்று சொல்லி அனுப்ப எனக்கு வாய் வரவில்லை.

நான்காம் நாள் காலை தண்ணீர் வந்துவிட்டது.

“அளந்தா என்ன, அளக்காட்டி என்ன, வெட்டுங்கடா!” என்றேன். ஒருவரும் அசையவில்லை.

“வெட்டிட்டு கூலிக்கு யார்கிட்டப் போய் நிப்பீங்க, மேஸ்திரி?” என்று மண் சுமக்கும் பெண் ஒருத்தி கேட்டாள்.

அவள் கேட்டதில் தப்பில்லை. அதற்குள் தண்ணீர் முழங்காலுக்கு ஏறிவிட்டது. பிறகு நானே கடப்பாரையோடு இறங்கினேன். நாலைந்து பேர் கூட வந்தார்கள். கோடை வெயிலில் காய்ந்த களிமண், சுட்ட செங்கல் மாதிரி இருந்தது. இரண்டைத்தான் சாய்க்க முடிந்தது. மற்ற மூன்றும் முழுகிவிட்டன. அடையாளத்துக்கு மூங்கில் நட்டோம். புதுத்தண்ணீர் அதையும் பிடுங்கிக்கொண்டு போனது. எங்கும் ஒரே செம்மண் நிறம். எது பள்ளம், எது மேடு என்று எனக்கே தெரியவில்லை.

கரையேறி மேற்கே ஓடினேன். அதற்குள் வளைவில் படகு வந்துவிட்டது. விளிம்பில் தண்ணீர் தொடும் அளவுக்குத் தார்கள்.

“நிறுத்துங்க! அண்ணே, கரைக்குத் திருப்புங்க!”

தண்ணீர் இரைச்சலில் என்ன கேட்டதோ, அவர் ஒரு கையைத் தூக்கிக் காட்டினார்.

“பாருங்க மேஸ்திரி, ரெட்டைப் பாரம்!”

பிறகு என் நிலையைப் பார்த்துப் புரிந்துகொண்டார் போலும். கழியை ஊன்றினார். அந்தப் பாரம் நிற்குமா? முழுகிக் கிடந்த சாட்சியில் மோதிப் படகு தூக்கிப் போட்டது. அடிப்பலகை பிளந்த சத்தம் கரைவரை கேட்டது. தார்கள் ஒவ்வொன்றாகப் பாலக்கரைப் பாலத்தை நோக்கி மிதந்தன. அங்கே நின்றவர்கள், ஏதோ திருவிழாபோலக் கூச்சலிட்டு அவற்றைப் பிடித்தார்கள்.

நான் குதிப்பதற்குள் அவரே நீந்திக் கரையேறிவிட்டார். துண்டைப் பிழிந்து பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். என்னைத் திட்டுவார் என்று நின்றேன். திட்டவில்லை.

இரண்டு நாள் கழித்து ஓவர்சியர் வந்தார். கழியை விட்டு, மிச்சமிருந்த சாட்சிகளைத் தொட்டு அளந்தார். “நல்லா வாரியிருக்கேய்யா” என்றார். எல்லோருக்கும் கூலி கிடைத்தது. பிளந்த படகைப் பற்றிச் சொன்னேன். அது தன் வேலையில் சேராது என்றார்.

அடுத்த கோடையில் கூலி வேலை கேட்டு நின்ற வரிசையில் படகுக்காரரும் இருந்தார்.

“உங்களுக்குக் கூடை வேணாம்ணே. கரையில நின்னு ஆளுங்களைப் பாத்துக்கங்க.”

“நின்னுக்கிட்டே கூலி வாங்கவா? வேணாம்” என்று கூடையை முன்னால் வைத்தார்.

மண்வெட்டியை வாங்கி நானே மண் அள்ளிப் போட்டேன். அவர் கூடையைப் பார்த்தார்.

“பாதிதான் இருக்கு, மேஸ்திரி. இன்னும் ரெண்டு வெட்டு போடுங்க.”

போட்டேன்.