நேசமலரக்கா மூடிய கோப்பு

நேசமலரக்காவின் தட்டச்சில் நான் ஒரு குறையும் சொல்ல மாட்டேன். கிளிநொச்சியில் பதினாறு வருடம் தட்டச்சு இயந்திரத்தோடு மாரடித்தவர். தொண்ணூற்றாறில் இடம்பெயர்ந்து வவுனியாவுக்கு வந்து எங்கள் சின்னத் தொண்டு நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்தார். எனக்குக் கோபமெல்லாம் அங்கிருந்த கொம்பியூட்டரில்தான். அதைவிட, எல்லாம் தெரிந்தவன் போலக் கதைத்த எங்கள் அதிகாரி திலீபனில்.

தொண்ணூற்றொன்பதில், இடம்பெயர்ந்தோர் முகாமில் அடையாள அட்டை இல்லாதவர்களின் பட்டியலை மாவட்டச் செயலகமான கச்சேரிக்குக் கொடுக்கும் வேலை எங்கள் தலையில் விழுந்தது. அட்டை இல்லாவிட்டால் பாஸ் இல்லை. பாஸ் இல்லாவிட்டால் வவுனியாவைத் தாண்ட முடியாது. நான் ஆட்களை வரிசையில் அனுப்ப, அவர்கள் சொல்லச் சொல்ல அக்கா தட்டுவார். முதலில் கொப்பியில் எழுதுவோம் என்று அக்கா கேட்டுப் பார்த்தார். கொழும்பில் மூன்று நாள் பயிற்சி எடுத்து வந்திருந்த திலீபன் சிரித்தான்.

"அக்கா, இது பத்து நிமிசத்துக்கு ஒருக்காத் தானாச் சேவ் பண்ணும். நீங்கள் ரைப் பண்ணிக்கொண்டு போங்கோ."

கடைசி நாள் மூன்று மணிக்குப் பட்டியல் கச்சேரியில் இருக்க வேண்டும். காலையில் முதல் ஆளாக வந்தவர் பேச்சியம்மா. எழுபத்தேழில் மலையகத்திலிருந்து வன்னிக்கு வந்த குடும்பம். கொழும்பில் வேலைக்குப் போன மகள் இலட்சுமிக்குத் தலைப்பிரசவம், துணைக்கு ஆளில்லை. பட்டியலில் பெயர் இருந்தால் அடுத்த வாரம் வரும் நடமாடும் சேவையில் அட்டை கிடைக்கும். பேச்சியம்மாவுக்குப் பிறகு இன்னும் முப்பது பேரை அக்கா பதிந்தார். தானாகச் சேமிக்கும் என்ற நம்பிக்கையில் ஒருதடவைகூடச் சேவ் பண்ணவில்லை.

பன்னிரண்டு மணிக்குக் கரண்ட் போனது. அரை மணித்தியாலத்தில் திரும்பி வந்தது. கொம்பியூட்டரைக் குறை சொல்லக்கூடாது, முப்பத்தொரு பெயரையும் அது பத்திரமாக எடுத்துத் திரையில் போட்டது. கோப்பின் பெயருக்குப் பக்கத்தில் 'மீட்கப்பட்டது' என்று ஆங்கிலத்தில் ஒரு சொல் மட்டும் கூடுதலாக இருந்தது.

அந்தச் சொல்தான் அக்காவைக் கவிழ்த்தது. தட்டச்சுக்காரருக்குத் தாளின் தலையில் ஏதாவது எழுதியிருந்தால் அது கார்பன் கொப்பி, ஒன்றும் எழுதாததுதான் மூலப்பிரதி. கொப்பி எதற்கு என்று அதை மூடினார். மாற்றங்களைச் சேமிக்கவா என்று அது கேட்டது. தான் எதையும் மாற்றவில்லையே என்று 'இல்லை' என்பதை அழுத்தினார். பிறகு மூலப்பிரதியைத் திறந்தார். அதில் முந்தின நாள் வரையான பட்டியல்தான் இருந்தது.

தானாகச் சேமிப்பது வேறு, கரண்ட் போய் விழுந்த பிறகு ஒருதடவை தூக்கிக் கொடுப்பது வேறு. கொடுத்ததை நாம்தான் வாங்கிச் சேமிக்க வேண்டும், வேண்டாம் என்றால் எறிந்துவிடும். இந்த ஒரு வசனத்தை அந்த மூன்று நாள் பயிற்சியில் யாரும் திலீபனுக்குச் சொல்லவில்லையா? அவன் வந்து கண்டபடி தட்டிப் பார்த்துவிட்டு, வைரசாக இருக்கும் என்றான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அக்கா சைக்கிளை எடுத்தார். நானும் ஒரு கொப்பியோடு பின்னால் போனேன். முகாம் முழுக்க அலைந்து முப்பது பேரைப் பிடித்து மறுபடி எழுதினோம். பேச்சியம்மா வயலில் களை பிடுங்கப் போயிருந்தார். எந்த வயல் என்று பக்கத்துக் கொட்டிலில் யாருக்கும் தெரியவில்லை. பிறந்த திகதி இல்லாமல் கச்சேரியில் பெயரை எடுக்கமாட்டார்கள். நாங்கள் காத்திருந்து பார்த்தோம், அவர் வரவில்லை. இரண்டரைக்குப் புறப்பட்டு வந்து, இருந்ததைத் தட்டிக் கொடுத்தோம்.

அடுத்த வாரம் பேச்சியம்மா வந்தார். நடமாடும் சேவையில் பெயர் இல்லை என்று சொல்லி, தட்டினவர்களிடம் கேட்கச் சொல்லியிருந்தார்கள். கச்சேரியில் விடுபட்டது என்று சொல்லச் சொல்லி திலீபன் அக்காவின் காதில் முணுமுணுத்தான். அக்கா அவன் பக்கம் திரும்பவே இல்லை.

"நான்தானம்மா அழிச்சனான். தெரியாமல் அழிச்சிட்டன்."

நான் ஏச்சை எதிர்பார்த்தேன். பேச்சியம்மா வாங்கிலில் உட்கார்ந்து சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தார்.

"அதுக்கென்னம்மா, இன்னொருக்கா தட்டிருங்க. இன்னைக்கு வேலைக்குப் போகல, பொழுதுக்கும் இருக்கேன்."

நடமாடும் சேவை முந்தின நாளே முடிந்து, அதன் அதிகாரிகள் மன்னாருக்குப் போயிருந்தார்கள். அதைச் சொல்லாமலே அக்கா கொம்பியூட்டரின் முன்னால் உட்கார்ந்து, பிறந்த திகதியைக் கேட்டார்.