கரெத் அத்தானின் பள்ளத்தாக்கு

போன செவ்வாய்க்கிழமை காலை வேலைக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தபோது மலர் அக்கா தொலைபேசியில் அழைத்தார். "தம்பி, அத்தான் எங்களை விட்டிட்டுப் போட்டாரடா" என்றார்.

மலர் அக்கா என் உடன்பிறந்தவர் அல்லர்; அகதி முகாமில் பக்கத்து அறையிலிருந்து அக்கா ஆனவர். ஹம்பேர்க் துறைமுகத்தில் வேலை செய்த ஒரு வேல்ஸ்காரரை அவர் கைப்பிடித்ததால் எனக்குக் கரெத் என்றோர் அத்தான் கிடைத்தார். அவரைத் தெரிந்த உங்களுக்கு நினைவிருக்கும், அவரை யாராவது இங்கிலாந்துக்காரர் என்று சொல்லிவிட்டால் அன்றைக்கு எல்லாருடைய சோறும் ஆறிப்போகும்.

ஒரு பொங்கலன்று நானே அப்படிச் சொல்லி மாட்டிக்கொண்டேன். அத்தான் ஓர் அட்டைப்பெட்டியைக் கிழித்துப் படம் வரைந்தார். வடக்கே மலை, தெற்கே நிலக்கரிச் சுரங்கங்கள், மேற்கே கடல். கிழக்கே ஆயிரம் வருடங்களுக்கும் முன் ஆங்கில அரசன் ஒருவன் எழுப்பிய நீண்ட மண்மேடு. "வேல்ஸ் எண்டது அவங்கள் வைச்ச பேர். அந்நியன் எண்டு அர்த்தம். எங்கட வீட்டிலயே நாங்கள் அந்நியனாம்! நாங்கள் சொல்லுறது கம்ரி" என்றார், அக்காவிடம் பழகிய தமிழில்.

பிறகு மலைகளுக்கு நடுவே ஒரு புள்ளி வைத்தார். அவர் பிறந்த பள்ளத்தாக்கு அது. அவர் சிறுவனாக இருந்தபோது, ஆங்கில நகரம் ஒன்றின் குடிதண்ணீருக்காக அணை கட்டி, வீடுகளையும் தேவாலயத்தையும் மூழ்கடித்துவிட்டார்கள். கடும் வறட்சியில் மட்டும் நீர் இறங்கிச் சுவர்கள் தெரியுமாம். "எங்கட வீட்டு வாசல்ல ஒருக்கா நிண்டாப் போதும்" என்பார். மழைக்குப் பேர்போன நாட்டில் வறட்சிக்குக் காத்திருக்கும் மனிதர் என்று நாங்கள் கேலி செய்வோம்.

ஐந்து வருடங்களுக்கு முன், ஐரோப்பா முழுவதும் வெயில் கொளுத்திய கோடையில், என் மகள் பூப்பெய்தி, அவளுடைய சாமத்திய வீடு வந்தது. தாய்மாமன்மார் இலங்கையில், விசா கிடைக்கவில்லை. "அத்தான், நீங்கள்தான் மாமனா நிக்கவேணும்" என்றேன். "ஓம், நிக்கிறன்" என்றார். வேட்டி கட்டி, தேங்காய் உடைத்து, அவள் தலையில் பாலும் அறுகும் வைத்தவர், கடைசியில் மண்டபத்தையும் கூட்டினார். அவருடைய இரண்டு வார விடுப்பும் எங்களுக்கே போனது.

மார்கழியில்தான் அவரால் ஊருக்குப் போக முடிந்தது. "இந்தக் குளிருக்குள்ள போறதுக்கு உங்களுக்கென்ன விசரே?" என்று கேட்டேன். சிரித்தார்.

செத்தவீட்டில் அக்கா சொன்னார்: "சாமத்திய வீட்டுக்கு முதல் கிழமை அவற்ற தங்கச்சி கடிதம் போட்டவ. தண்ணி வத்தி வீட்டுச் சுவர் தெரியுது, உடன வா எண்டு. நான் போகச் சொன்னனான். 'பிள்ளைக்கு மாமன் வேணும்' எண்டிட்டார். உனக்குச் சொல்லக்கூடாது எண்டு சத்தியமும் வாங்கினவர்."

அதன் பிறகு அவர் காலத்தில் அந்தச் சுவர்கள் தெரியவில்லை. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே, அத்தான். சொல்லியிருந்தால் விழா நாளை மாற்றியிருப்பேனா என்று என்னையே கேட்கிறேன். பதில் சொல்ல வெட்கமாக இருக்கிறது.

அவர் நினைவாக என்னிடம் இருப்பது ஒரு புகைப்படம். மார்கழிப் பயணத்தில் எடுத்து என் மகளுக்குக் கொடுத்தது. பின்புறம் கோணல் தமிழில் 'மாமா வீடு' என்று எழுதியிருக்கிறார். படத்தில் தண்ணீரைத் தவிர ஒன்றுமில்லை.