ஐந்தாவது முனைக்குத் தொப்பி

கொச்சிக்கடையில் கப்பல் ரேடியோ திருத்தும் சின்ன இடம் ஒன்றில் வேலை செய்கிறேன். நாலு வருடம் நான் சோதித்தேன். ரிப்போர்ட்டில் கையெழுத்து வைத்தது வேறு ஆட்கள். முதன்முதலாக நான் கையெழுத்து வைத்தது, ஒரு அன்டெனாவின் சிக்னலை நாலு ரேடியோவுக்குப் பங்கிடும் பெட்டி ஒன்றுக்கு. மறுநாள் காலை முதலாளி கூப்பிட்டார்.

"மிஸ், அனுப்ப முதல் அண்ணன் திரும்ப டெஸ்ட் பண்ணினார். பெட்டி ஃபெயில். கப்பல் பின்னேரம் வெளிக்கிடுது. இப்பிடியெண்டா இனி நீங்க கையெழுத்து வைக்க வேணாம்."

மூத்த டெக்னீஷியனான அண்ணனின் மேசைக்கு ஓடினேன்.

நாங்கள் சோதிக்கும் மெஷினான நெட்வர்க் அனலைசருக்கு நாலு வாசல். உள்ளே சிக்னலை உண்டாக்குவது ஒன்றுதான். ஒரு சுவிட்ச் அதை முறைவைத்து ஒவ்வொரு வாசலுக்கும் அனுப்பும். வாசலில் இருக்கிற கப்ளர், போகிற அலையையும் திரும்பி வருகிற அலையையும் பிரித்துத் தனித்தனியாக அளக்கக் கொடுக்கும். மற்ற மூன்று வாசல்களும் அந்த நேரம் தங்களிடம் வந்து சேர்வதை அளக்கும். நல்ல பெட்டியென்றால் அன்டெனா முனையில் திரும்பி வருவது மிகக் குறைவாக இருக்க வேண்டும். திரையிலோ அதைக் காட்டும் கோடு மேலே நின்றது.

பெட்டிக்கு ஐந்து முனை, மெஷினுக்கு நாலு வாசல். மிஞ்சுகிற முனையில், வரும் அலையை விழுங்கிவிடுகிற ஒரு பித்தளைத் தொப்பியைப் பூட்டுவோம். இல்லாவிட்டால் அலை அதில் முட்டித் திரும்பிவிடும். பார்த்தேன், ஐந்தாவது முனை வெறுமையாக இருந்தது.

"தொப்பி எங்க அண்ணன்?"

"தேடிக் களைச்சுப்போனன் பிள்ளை. ஒருக்கா பூட்டாட்டி என்ன ஆகப்போகுதெண்டு விட்டிட்டன்."

"என்ன ஆகுமெண்டோ? என்ர மானம் போகுது! ஒரு சாமானை எடுத்த இடத்தில வைக்கத் தெரியாதா உங்களுக்கு?"

அண்ணன் குனிந்து மேசைக்கடியில் திரும்பவும் தேடினார். கண்ணைத் துடைக்க லேஞ்சி எடுப்பதற்காக ஹேண்ட்பேக்கினுள் கையை விட்டேன். பனடோல் அட்டைக்கும் சேஃப்டி பின்னுக்கும் நடுவில் குளிர்ச்சியாக ஏதோ பட்டது. தொப்பி! முந்தின நாள், தொலைந்துவிடக் கூடாதென்று நானேதான் பத்திரப்படுத்தி வெள்ளவத்தையில் இருக்கிற வீட்டுக்குக் கொண்டுபோயிருக்கிறேன்.

என்ர கடவுளே! அதை ஐந்தாவது முனையில் பூட்டினேன். கோடு சரசரவென்று கீழே இறங்கி, முந்தின நாள் நான் பார்த்த இடத்திலேயே நின்றது. அப்பாடா! சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன.

முதலாளி எட்டிப் பார்த்தார். "அப்ப பிழை எங்க?"

"பெட்டியில இல்ல சேர். என்ர பேக்கில."

அவர் சிரிக்கவில்லை. புது ரிப்போர்ட்டைக் கையில் தந்தார். "ஐந்தாவது முனைக்குத் தொப்பி பூட்டினதெண்டு ஒரு வரி எழுதிப்போட்டுக் கையெழுத்து வைங்க."

எழுதினேன், கையெழுத்தும் வைத்தேன். பெட்டியிலிருந்து தொப்பியைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, பிறகுதான் அண்ணனிடம் போனேன்.

"மன்னிச்சுக்கொள்ளுங்கோ அண்ணன்."

"அது இருக்கட்டும் பிள்ளை," என்றார், கையை நீட்டி. "முதல்ல தொப்பியைத் தாங்கோ."