கரடிக்கு ஆபீஸ் மயிலாப்பூரில்

மற்றவர்கள் வேலையைச் செய்தால் போதும். கரடிகளுக்காக வேலை பார்க்கிறவள் முதலில் அப்படி ஒரு வேலை இருப்பதை நம்பவைக்க வேண்டும். "எங்கே வேலை?" என்று கேட்பவரிடம் "கரடி காப்பகத்தில்" என்றால், "சும்மா கரடி விடாதீங்க மேடம்" என்பார். அந்த ஜோக்கைத் தானே கண்டுபிடித்த பெருமை அவர் முகத்தில் தெரியும். ஒரே ஜோக்குக்குத் தினமும் புதிதாகச் சிரிக்க வேண்டிய பிழைப்பு உங்களுடையதும் என்றால், வாருங்கள், நாம் ஒரே ஜாதி.

கரடிகள் இருப்பது ஊரைவிட்டுத் தள்ளி, மலையடிவாரத்தில். தெருவில் ஆடவைத்தவர்களிடமிருந்து மீட்கப்பட்டவை. அவற்றுக்கு வேண்டியதை இங்கே சேகரித்து அனுப்புவதும், பார்க்க ஆசைப்படுகிறவர்களை அழைத்துப் போவதும் என் பாடு. ஆபீஸ் மயிலாப்பூரில் ஒரு தையல் கடைக்கு மேலே இருக்கும் மாடி அறை.

வீடு வாடகைக்கு

ஆதம்பாக்கத்தில் வீடு பார்க்கப் போனேன். வீட்டுக்காரர் ரிடையர் ஆன பாங்க் அதிகாரி. தண்ணீரை அளவாகச் செலவழிப்பேனா, ஆணி அடிப்பேனா என்று கேட்ட எல்லாவற்றிலும் பாஸ் ஆகிவிட்டேன். கடைசியில் வேலையைக் கேட்டார். சொன்னேன். உள்ளே பார்த்து மனைவியைக் கூப்பிட்டார்.

"நாய், பூனையே கூடாதுன்னு போர்டு வெச்சிருக்கோம்" என்று இழுத்தார். "கரடி அங்கேதான் சார் இருக்கும். இங்கே நான் மட்டும்தான் இருப்பேன்" என்றேன். "பண்டிகை, லீவுன்னு கூட்டிட்டு வந்துட மாட்டீங்களே?" மாட்டேன் என்று சத்தியம் செய்யாத குறையாகச் சொல்லி வீட்டை வாடகைக்குப் பிடித்தேன். சாவி கொடுக்கும்போது அந்த அம்மா என்னை மாடிப்படி பக்கம் தள்ளிக்கொண்டு போய் மெதுவாகச் சொன்னார்: "அவர் ஒரு பயந்தாங்கொள்ளிம்மா. அவர் ஊர்ல இல்லாதப்ப ஒரு தடவை கூட்டிட்டு வா."

பட்டன் உள்ள டயர்

கரடிகள் படுக்க ஊஞ்சல் கட்டப் பழைய டயர் தேவைப்பட்டது. சிந்தாதிரிப்பேட்டையில் ஒரு பழைய சாமான் கடை. கடைக்காரர் பீடியைக் கீழே வைக்காமல் கேட்டார்: "இன்னா வண்டிக்கா?"

"வண்டிக்கு இல்லை, கரடிக்கு."

அவர் என்னை ஒரு முறை பார்த்தார், என் பின்னால் தெருவை ஒரு முறை பார்த்தார். விவரமாகச் சொன்னேன். மூக்கில் துளை போட்டுக் கயிறு கோத்து இழுத்துப் போன கதையைச் சொல்லும்போது பீடி அணைந்துவிட்டது. நான் எடுத்து வைத்திருந்த டயர்களை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்துத் திருப்பிப் போட்டார். உள்ளே போய் வேறு டயர்களை உருட்டிக்கொண்டு வந்தார். எனக்குப் பார்க்க எல்லாம் ஒன்றுபோலத்தான் இருந்தன. "படுத்துத் தூங்கத்தானேங்க, எதுவானாலும் சரி" என்றேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "இன்னாக்கா பேசுற நீ? அதெல்லாம் தேஞ்சுபோன மொட்டை டயரு. நல்லா பட்டன் கீறதா எடுத்துனு போ, தூக்கத்துல வழுக்கி வுழுந்துரப் போது."

பர்சனல் விஷயம்

மாட வீதியிலிருந்து ஒரு மாமி படியேறி வந்தார். "எங்காத்துக்காரருக்கு அறுபது ஆறது. அன்னிக்கு ஒரு கரடிக்கு சாப்பாடு போடணும்னு வேண்டிண்டிருக்கேன். என்ன சாப்பிடும்?" ராகிக் கஞ்சி, பழம், தேன் என்றேன். மாமி முகம் மலர்ந்தது. "நம்மளவிட ஆசாரமா இருக்கே" என்றார்.

அத்தோடு வாயை மூடியிருக்கலாம். உண்மை சொல்லும் வியாதி எனக்கு. "கறையான் புத்தைத் தோண்டி அதையும் தின்னும் மாமி" என்றேன். மாமி மின்விசிறியையே பார்த்துக்கொண்டு யோசித்தார். சமையல்காரரிடம் சொல்லிவிட்ட கல்யாணம் நின்றுபோகிற மாதிரி எனக்குப் பதைப்பு.

"அதை நீங்க போடறேளா, அதுவா பாத்துக்கறதா?"

"அதுவாத்தான் மாமி."

"அப்போ அது அதோட பர்சனல். நம்மாத்து சார்பா பழம் மட்டும் போட்டா போறும்."

ஷோ எத்தனை மணிக்கு

பெருங்குடி ஐ.டி. கம்பெனி ஒன்றிலிருந்து ஒரு கூட்டத்தை பஸ்ஸில் அழைத்துப் போனேன். ஏற்பாடு செய்த பெண்ணின் பெயர் திவ்யா. வழியெல்லாம் ஒரே கேள்வி: "மேடம், ஷோ எத்தனை மணிக்கு?" ஷோ கிடையாது என்றால் நம்பவில்லை.

செல்லி என்ற கரடி சில நாள் முன்புதான் வந்திருந்தது. அதற்காகப் பெரிய தோட்டம், வேப்ப மரம் எல்லாம் காத்திருந்தன. அதன் கூண்டுக் கதவைத் திறந்தே வைத்திருந்தோம். ஆனால் செல்லி வாசலைத் தாண்டவே இல்லை. மண்ணில் கால் வைக்கப் பயம். அன்றும் வாசலில்தான் நின்றது. வேலிக்கு வெளியே நின்றவர்களில் ஒரு பையனுக்குப் பிறந்தநாள் என்று எல்லோரும் கைதட்டிப் பாட ஆரம்பித்தார்கள்.

கைதட்டல் கேட்டதும் செல்லி பின்னங்காலில் எழுந்து நின்று ஆடியது. கூட்டம் சிரித்தது, செல்போன்கள் உயர்ந்தன. "தட்டாதீங்க" என்றேன். "ஆடலைன்னா அடி விழும்னு அதுக்கு இன்னும் பயம்." பாட்டு பாதியில் நின்றது. யாரும் போனைப் பார்க்கவில்லை. திவ்யா முதலில் தரையில் உட்கார்ந்தாள், பிறகு மற்றவர்களும்.

செல்லி ஆடி ஓய்ந்து நாலு காலில் நின்றது. எங்களைப் பார்த்தது. யாரும் எதுவும் கேட்கவில்லை என்று தெரிந்ததும் ஒரு காலை மண்ணில் வைத்தது. முகர்ந்தது. இன்னொரு காலை வைத்தது. வேப்ப மரம்வரை போய், எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு படுத்துவிட்டது. நான் கண்ணைத் துடைத்துக்கொள்ள வேறு பக்கம் திரும்பினேன். பஸ் டிரைவர் ஹார்ன் அடித்தும் ஒருவரும் நகரவில்லை. திவ்யா கிசுகிசுத்தாள்: "ஒண்ணுமே பண்ணாம படுத்திருக்கு மேடம். செம ஷோ."

ஒரு கரடி சும்மா படுத்திருக்க வேண்டுமென்றால், மயிலாப்பூரிலிருந்து பெருங்குடிவரை இத்தனை பேர் சும்மா இல்லாமல் அலைய வேண்டியிருக்கிறது.