டைம்கோட் அறுந்த மூன்று இடங்கள்

எங்கள் அக்கா ஒலிப்பதிவுக்காரி. அத்தான் கேமராக்காரர். இருவரும் மாடியறையில் ஸ்டுடியோ நடத்துகிறார்கள். சண்டையையும் அங்கேயேதான் நடத்துகிறார்கள்.

அன்று மதியம் ஒரு டீச்சர் வந்தார். மறுநாள் காலை அவருக்கு ஆபரேஷன், குரல்வளையையே எடுத்துவிடுவார்கள். இரண்டு வயது மகளுக்காக ஒரு மணி நேரம் கதை சொன்னார். அக்கா கம்ப்யூட்டர் திரையைப் பார்க்காமல் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கேமராவும் கம்ப்யூட்டரும் ஒரே நேரத்தில் ஓட, டைம்கோட் பெட்டி ஒன்று உண்டு. இன்ன நொடி, இன்ன ஃபிரேம் என்று வண்டு குடைகிற மாதிரி கத்திக்கொண்டே இருக்கும். அத்தானின் பழைய கேமராவில் அதற்குத் தனி ஓட்டை இல்லை. மைக் ஓட்டையிலேயே செருகிவிடுவார். ஆக, கேமராவில் படமும் வண்டும்தான். குரல் கம்ப்யூட்டரில் மட்டும்.

டைம்கோடு விட்டுப்போனால் எத்தனை நொடி பொறுத்துப் பதிவை நிறுத்தலாம் என்று கம்ப்யூட்டருக்குச் சொல்லிவைக்கலாம். ஊரெல்லாம் பத்து நொடி வைக்கும். அக்கா வைத்தது பூஜ்ஜியம். "கோடு இல்லாம ஓடுற சத்தம், தாலாட்டா இருந்தாலும் எனக்கு வேண்டாம்" என்பாள், நீதிபதி தொனியில்.

டீச்சர் போன பிறகுதான் போட்டுப் பார்த்தாள்.

"என்னங்க, இங்க வாங்க."

"என்ன, பாராட்டப் போறியா?"

"மூணு இடத்துல குரலே இல்ல."

"கேமராவுலேர்ந்து எடுத்துக்கோ."

"அதுல உங்க வண்டுதான் இருக்கு!"

அத்தான் பெட்டியிலிருந்து கம்ப்யூட்டருக்குப் போகும் கேபிளைப் பார்த்தார். பிறகு தன் காலைப் பார்த்தார். "நான்தான் இடிச்சிட்டேன் போல."

"இடிச்சது உங்க கால். நிறுத்தினது என் பூஜ்ஜியம்."

ஆறு மணிக்கு ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். "ஏழுக்குக் கதவைச் சாத்திடுவோம். ரொம்பப் பேச வைக்காதீங்க" என்றார் நர்ஸ், லவுட்ஸ்பீக்கரை முழுங்கியவர்போல.

முதல் இரண்டு இடமும் கதைக்குள் இருந்தன. டீச்சர் திருப்பிச் சொல்லிவிட்டார். மூன்றாவது, கதையெல்லாம் முடிந்தபின் கேமராவை நோக்கிக் குனிந்து சொன்னது. பதினோரு நொடி. படத்தில் உதடு மட்டும் அசைந்தது.

"என்ன சொன்னேன்?"

"தெரியல டீச்சர். ஞாபகப்படுத்திப் பாருங்களேன்."

ஆறு தடவை போட்டார்கள். டீச்சர் தன் உதட்டையே பார்த்துப் பார்த்துத் தலையாட்டினார். "அப்ப மனசுல வந்தது. இப்ப வரலையேம்மா. வேற சொல்றேன்."

"வேற சொன்னா குரலோட உதடு ஒட்டாதே டீச்சர்." சொன்ன பிறகுதான் அக்கா நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"ரெண்டு வயசு. உதட்டையா பாக்கப் போறா?"

வெளியே நர்ஸ் கடியாரத்தைத் தட்டிக் காட்டினார். அக்கா மைக்கை நீட்டினாள். கோடு இல்லை, பெட்டி இல்லை.

"பாப்பா, அம்மா சத்தமில்லாம கூப்பிட்டாலும் ஓடி வரணும், சரியா? கை தட்டினா..." குரல் கம்மியது. இருமல் வந்தது. மறுபடி முயன்றார், காற்றுதான் வந்தது. நர்ஸ் உள்ளே வந்து மைக்கை ஒதுக்கினார்.

ஒரு வாரமாக அக்கா அந்தக் குரலை வெட்டுகிறாள், இழுக்கிறாள், நகர்த்துகிறாள். உதடு மூடிய பிறகும் குரல் பேசுகிறது.

"விடும்மா, யாரும் கவனிக்க மாட்டாங்க" என்றார் அத்தான்.

"அவ வளருவா இல்ல?" என்றாள் அக்கா. மறுபடி முதலிலிருந்து போட்டாள்.